உங்கள் கணினியிலேயே சொந்த டொமைன் பெயர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டளைகள், கோப்புப் பெயர்கள், டொமைன்கள் எல்லாவற்றையும் இங்கே ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். எல்லாக் கேள்விகளுக்கும் ஒரே எடுத்துக்காட்டு: முகப்பு ஆப் 3000-ஆம் போர்ட்டிலும் (போர்ட் என்பது ஒரு நிரல் கேட்டுக்கொண்டிருக்கும் வாசல் எண்), அதற்குத் தரவு தரும் ஏபிஐ 8000-ஆம் போர்ட்டிலும் ஓடுகின்றன. அவற்றைக் கடை.டெஸ்ட், ஏபிஐ.கடை.டெஸ்ட் என்ற பெயர்களில் திறக்க வேண்டும்.

லோக்கல்ஹோஸ்ட்:3000 போதாதா? எதற்கு இந்த வேலை?

லோக்கல்ஹோஸ்ட் என்பது உங்கள் கணினியையே குறிக்கும் பெயர். ஒரே ஒரு ப்ராஜெக்ட் என்றால் அது போதும். இரண்டாவது வந்ததும் முதல் அடி குக்கீயில் விழும். குக்கீகள் போர்ட் எண்ணைப் பார்ப்பதில்லை. 3000-இல் ஓடுவதும் 8000-இல் ஓடுவதும் லோக்கல்ஹோஸ்ட் என்ற ஒரே பெயரில் இருப்பதால், ஒன்றின் குக்கீ மற்றதற்கும் போகும். பைத்தான் ஃப்ரேம்ஒர்க்கான ஜாங்கோவில் எழுதிய ப்ராஜெக்ட் எதுவானாலும் மாற்றாதவரை செஷன் குக்கீக்கு 'செஷன்ஐடி' என்றே பெயர் வைக்கும். அப்படி இரண்டை ஒரே நேரத்தில் ஓட்டினால், ஒன்றில் லாகின் செய்தவுடன் மற்றதில் வெளியே தள்ளப்படுவீர்கள்.

பிரவுசரில் தரவு சேமிக்கும் லோக்கல் ஸ்டோரேஜும், பின்னணியில் ஓடும் நிரலான சர்வீஸ் ஒர்க்கரும் போர்ட்டைப் பார்க்கும். அவற்றில் சிக்கல் வேறு விதம். நேற்று 3000-இல் ஒரு ப்ராஜெக்ட், இன்று அதே 3000-இல் இன்னொன்று என்றால், நேற்றைய சர்வீஸ் ஒர்க்கர் இன்றும் உட்கார்ந்துகொண்டு பழைய பக்கத்தையே காட்டும். ப்ராஜெக்ட்டுக்கு ஒரு பெயர் இருந்தால் இவை எதுவும் கலக்காது. வாடிக்கையாளருக்கு ஒரு சப்டொமைன் தரும் ஆப்களை எழுதுபவர்களுக்கு வேறு வழியும் இல்லை.

பெயரின் கடைசியில் எதை வைக்கலாம்? .டெஸ்ட், .லோக்கல், .டெவ் என்று பலரும் பலவிதமாகச் சொல்கிறார்களே?

.டெஸ்ட் வையுங்கள். 1999-இல் வந்த இணைய விதிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 2606 .டெஸ்ட், .எக்ஸாம்பிள், .இன்வேலிட், .லோக்கல்ஹோஸ்ட் ஆகிய நான்கையும் ஒதுக்கிவைத்தது. இவற்றை எந்த நிறுவனமும் வாங்க முடியாது என்பதால் நாளைக்கு யாரோடும் மோதாது.

.டெவ் வேண்டவே வேண்டாம். அது கூகுளிடம் இருக்கும் உண்மையான டொமைன். 2017 டிசம்பரில் வந்த குரோம் 63 முதல் .டெவ் என்று முடியும் எல்லா முகவரியும் கட்டாயமாக ஹெச்டிடிபிஎஸ்-க்குத் திருப்பப்படுகிறது; மற்ற பிரவுசர்களும் அதே பட்டியலைப் பின்பற்றுகின்றன. .ஆப் என்பதற்கும் இதே கதி.

.லோக்கல் வேறு வகைத் தொந்தரவு. பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் ஏற்பாடு டிஎன்எஸ். .லோக்கல் என்பது ஆப்பிளின் பாஞ்சூர் போன்ற மல்டிகாஸ்ட் டிஎன்எஸ் முறைக்காக ஆர்எஃப்சி 6762 ஒதுக்கிய பெயர். வீட்டு பிரிண்டரைக் கணினி கண்டுபிடிப்பது இந்த வழியில்தான். .லோக்கல் என்று முடியும் பெயரைக் கேட்டதும் கணினி நெட்வொர்க் முழுக்க 5353-ஆம் போர்ட்டில் குரல் கொடுத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும். ஒவ்வொரு பக்கமும் சுமார் 5 விநாடி தயங்கித் திறக்கிறது என்று மேக் பயனர்கள் புலம்புவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

அலுவலக நெட்வொர்க்குக்குள் பல கணினிகள் சேர்ந்து பயன்படுத்தும் பெயர் என்றால், 2024-இல் டொமைன் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் தனிப்பட்ட பயன்பாட்டுக்கென ஒதுக்கிய .இன்டர்னல் பொருத்தம்.

.லோக்கல்ஹோஸ்ட் என்று முடித்தால் எந்த அமைப்பும் தேவையில்லை என்கிறார்களே, உண்மையா?

குரோமிலும், 84-ஆம் பதிப்பு முதலான ஃபயர்ஃபாக்ஸிலும் உண்மை. கடை.லோக்கல்ஹோஸ்ட்:3000 என்று தட்டினால் டிஎன்எஸ்ஸைக் கேட்காமலே பிரவுசர் உங்கள் கணினிக்கு வந்துவிடும். அதைப் பாதுகாப்பான முகவரியாகவும் கருதுவதால் சான்றிதழும் தேவைப்படாது. ஒரே கணினியில், பிரவுசரில் மட்டும் பார்க்கப் போகிறீர்கள் என்றால் இந்தப் பக்கத்தின் மீதியைப் படிக்காமல் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பிரவுசருக்கு வெளியே இந்த உறுதி கிடையாது. உங்கள் நோட் (நோட்.ஜேஎஸ்) நிரலோ பைத்தான் நிரலோ அதே பெயரை அழைத்தால், இயங்குதளம் என்ன சொல்கிறதோ அதுதான். பெயரைத் தேடித்தரும் சேவையான சிஸ்டம்டி-ரிசால்வ்டு உள்ள லினக்ஸில் ஓடும், மற்ற இடங்களில் எந்தப் பெயருக்கு எந்த ஐபி என்று கணினி பார்க்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுத வேண்டிவரலாம்.

ஹோஸ்ட்ஸ் கோப்பு எங்கே இருக்கிறது, அதில் என்ன எழுத வேண்டும்?

லினக்ஸிலும் மேக்கிலும் /எட்சி/ஹோஸ்ட்ஸ். விண்டோஸில் சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், எட்சி என்று வரிசையாக உள்ளே போனால் ஹோஸ்ட்ஸ் என்ற கோப்பு இருக்கும். கடைசியில் இந்த வரியைச் சேர்க்கவும்:

127.0.0.1 கடை.டெஸ்ட் ஏபிஐ.கடை.டெஸ்ட்

முதலில் ஐபி முகவரி (127.0.0.1 என்றால் உங்கள் கணினியே), பிறகு இடைவெளி, பிறகு ஒன்றோ பலவோ பெயர்கள். அவ்வளவுதான் அதன் இலக்கணம். போர்ட் எண், ஹெச்டிடிபி என்ற முன்னொட்டு, நட்சத்திரக் குறி மூன்றும் அங்கே செல்லாது. # குறிக்குப் பின்னால் வருவது குறிப்பு. எந்த ப்ராஜெக்ட்டுக்கான வரி என்று எழுதிவைப்பது நல்லது.

மேக்கிலும் லினக்ஸிலும் சுடோ (நிர்வாகி உரிமை தரும் கட்டளை) போட்டு நானோ எடிட்டரில் திறந்தால் முடிந்தது. விண்டோஸில் நோட்பேடை வலது கிளிக் செய்து 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' மூலம் திறக்க வேண்டும். பிறகு ஃபைல் மெனுவில் போய்க் கோப்பைத் திறக்கும்போது வகையை 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றினால்தான் அது கண்ணில் படும். சேமிக்கும்போது நோட்பேட் சத்தமில்லாமல் .டிஎக்ஸ்டி சேர்த்துவிட்டால் ஹோஸ்ட்ஸ்.டிஎக்ஸ்டி என்று புதிய கோப்பு ஒன்று உருவாகும், பழையது அப்படியே இருக்கும். எக்ஸ்ப்ளோரரில் கோப்பு நீட்டிப்புகளைக் காட்டும் தேர்வை இயக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். சில ஆன்டிவைரஸ்கள் இந்தக் கோப்பைப் பூட்டிவைக்கும். அட்மினாகத் திறந்தும் சேமிக்க முடியாவிட்டால் அங்கே தேடுங்கள்.

எழுதிவிட்டேன். திறக்கவில்லை. எங்கிருந்து தேடுவது?

பிரவுசர் காட்டும் பிழைச் செய்தியிலிருந்து. பெயர் ஐபி ஆவது ஒரு படி, அந்த ஐபியின் போர்ட்டில் யாராவது கேட்டுக்கொண்டிருப்பது அடுத்த படி, கேட்டவர் அந்தப் பெயரை ஏற்றுக்கொள்வது மூன்றாவது. எந்தப் படியில் நின்றது என்பதைச் செய்தியே சொல்லிவிடும்.

'டிஎன்எஸ்_ப்ரோப்_ஃபினிஷ்டு_என்எக்ஸ்டொமைன்' என்று வந்தால் பெயரே கிடைக்கவில்லை. ஹோஸ்ட்ஸ் கோப்பையும் கேஷையும் (கணினி நினைவில் வைத்த பழைய பதில்கள்) பாருங்கள். 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்று வந்தால் பெயர் சரி, போர்ட்டில் ஆள் இல்லை. இந்நேரம் ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திருத்திக்கொண்டிருப்பது வீண். 502 என்றால் ப்ராக்ஸி (அடுத்த கேள்வியில் வரும் இடைத்தரகு சர்வர்) வரை வந்துவிட்டது, பின்னால் இருக்கும் ஆப் கிடைக்கவில்லை. 400 அல்லது 403 வந்து கூடவே 'ஹோஸ்ட்' என்ற சொல் தென்பட்டால், ஆப் உங்கள் பெயரை மறுக்கிறது.

பெயர் கிடைக்கிறதா என்று பார்க்க பிங் கடை.டெஸ்ட் என்று கொடுங்கள், 127.0.0.1 என்று காட்ட வேண்டும். லினக்ஸில் கெட்என்ட் ஹோஸ்ட்ஸ் கடை.டெஸ்ட் இன்னும் நம்பகமானது. என்எஸ்லுக்அப், டிக் இரண்டையும் இதற்கு நம்பாதீர்கள். அவை நேராக டிஎன்எஸ் சர்வரைக் கேட்பவை, ஹோஸ்ட்ஸ் கோப்பைத் தாமாகத் திறந்து பார்ப்பதில்லை. எல்லாம் சரியாக இருக்கும்போதும் "அப்படி ஒரு பெயர் இல்லை" என்று சொல்லும்.

கேஷை அழிக்க: விண்டோஸில் ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ். மேக்கில் சுடோ டிஎஸ்கேஷ்யூட்டில் -ஃப்ளஷ்கேஷ், தொடர்ந்து சுடோ கில்ஆல் -ஹெச்யூபி எம்டிஎன்எஸ்ரெஸ்பாண்டர். சிஸ்டம்டி-ரிசால்வ்டு உள்ள லினக்ஸில் ரிசால்வ்சிடிஎல் ஃப்ளஷ்-கேஷஸ். குரோமுக்குத் தனிக் கேஷ் உண்டு. குரோம்://நெட்-இன்டர்னல்ஸ்/#டிஎன்எஸ் பக்கத்தில் அழிக்கலாம்.

முகவரிப் பட்டியில் தட்டியது தேடுபொறிக்குப் போய்விட்டால், பெயரின் கடைசியில் ஒரு / போடுங்கள்.

பெயர் வந்துவிட்டது. ஆனால் இன்னும் :3000 என்று சேர்த்தே தட்ட வேண்டியிருக்கிறதே?

ஹோஸ்ட்ஸ் கோப்பு ஐபியை மட்டுமே தரும். போர்ட் அதன் வேலை இல்லை. எண் இல்லாமல் தட்டினால் பிரவுசர் 80-க்கோ 443-க்கோதான் போகும். அந்த இரண்டிலும் ஒரு ரிவர்ஸ் ப்ராக்ஸியை உட்காரவைத்து, வந்த பெயரைப் பார்த்து 3000-க்கோ 8000-க்கோ அனுப்பச் சொல்ல வேண்டும்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு கேடி என்ற வெப் சர்வர் எளிது. கேடிஃபைல் என்ற கோப்பில் இவ்வளவுதான்:

கடை.டெஸ்ட் {
  டிஎல்எஸ் இன்டர்னல்
  ரிவர்ஸ்_ப்ராக்ஸி 127.0.0.1:3000
}

ஏபிஐ-க்கு இதேபோல் இன்னொரு பத்தி, 8000 என்ற எண்ணோடு. டிஎல்எஸ் இன்டர்னல் என்ற வரி, வெளியே யாரிடமும் சான்றிதழ் கேட்காமல் கேடியே தயாரித்துக்கொள்ளச் சொல்கிறது. கேடி ட்ரஸ்ட் என்ற கட்டளையை ஒருமுறை ஓட்டினால் கணினி அந்தச் சான்றிதழை நம்பும்.

என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் பழகியவர்கள் அதையே வைத்துக்கொள்ளலாம். சர்வர்_நேம், ப்ராக்ஸி_பாஸ் இரண்டையும் எழுதிவிட்டு மற்றதை விட்டுவிடுவதுதான் அங்கே வழக்கமான தவறு. ஹோஸ்ட் ஹெட்டரை $ஹோஸ்ட் என்று அனுப்பாவிட்டால் ஆப்புக்குத் தன் பெயரே 127.0.0.1:3000 என்றுதான் தெரியும். ரீடைரக்ட் எல்லாம் அங்கே போகும். எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ இல்லாவிட்டால் ஹெச்டிடிபிஎஸ்-க்கு மாற்றும் ஆப் முடிவில்லாமல் சுற்றும். ப்ராக்ஸி_ஹெச்டிடிபி_வெர்ஷன் 1.1-உம், அப்கிரேடு, கனெக்‌ஷன் என்ற இரண்டு ஹெட்டர்களும் இல்லாவிட்டால் வெப்சாக்கெட் ஓடாது; நிரலை மாற்றிச் சேமித்தாலும் பக்கம் தானாகப் புதுப்பிக்காது.

80 ஏற்கெனவே பிடிபட்டிருந்தால் யார் என்று பாருங்கள். விண்டோஸில் நெட்ஸ்டாட் -ஏஎன்ஓ காட்டும் எண் 4 என்றால் அது சிஸ்டம். பெரும்பாலும் விண்டோஸின் வெப் சர்வரான ஐஐஎஸ்தான் காரணம். இதே வகையில், மேக்கில் மான்டரே முதல் ஏர்ப்ளே ரிசீவர் 5000, 7000 இரண்டையும் எடுத்துக்கொள்கிறது; ஃப்ளாஸ்க் பயன்படுத்துபவர்கள் 5000-இல் மோதுவது இதனால்தான்.

ப்ராக்ஸி 502 காட்டுகிறது. ஆனால் லோக்கல்ஹோஸ்ட்:3000 நன்றாகத் திறக்கிறதே?

ஐபிவி6. நோட் 17 முதல், லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயருக்கு இயங்குதளம் முதலில் தரும் முகவரியையே எடுத்துக்கொள்கிறது. பல கணினிகளில் அது ::1, அதாவது உங்கள் கணினியின் ஐபிவி6 முகவரி. டெவ் சர்வர் (உருவாக்கும்போது ஆப்பை ஓட்டும் சர்வர்) ::1-இல் மட்டும் கேட்டுக்கொண்டிருக்க, ப்ராக்ஸி 127.0.0.1-ஐத் தட்டிக்கொண்டிருக்கும். டெவ் சர்வரை --ஹோஸ்ட் 127.0.0.1 என்று கொடுத்து ஓட்டினால் தீரும்.

"இந்த ஹோஸ்ட் அனுமதிக்கப்படவில்லை" என்று ஃப்ரேம்ஒர்க் சொல்கிறது. கோளாறா?

கோளாறு இல்லை, காவல். டிஎன்எஸ் ரீபைண்டிங் என்ற தாக்குதலில், வெளியே இருக்கும் ஒரு வலைத்தளம் தன் பெயரை 127.0.0.1-க்கு மாற்றி, உங்கள் பிரவுசர் வழியாகவே உங்கள் டெவ் சர்வரைப் படித்துவிட முடியும். அதனால்தான் ஹோஸ்ட் ஹெட்டரைச் சரிபார்க்கிறார்கள். வீட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவி 2025 ஜனவரியில் இதற்கான பாதுகாப்புத் திருத்தத்தை வெளியிட்டதும், அதுவரை ஓடிக்கொண்டிருந்த அமைப்புகள் பல ஒரே நாளில் நின்றுபோயின.

வீட் கருவியில் சர்வர் பிரிவின் அலவ்டுஹோஸ்ட்ஸ், ஜாங்கோவில் அலவ்டு_ஹோஸ்ட்ஸ், ரெயில்ஸில் கான்ஃபிக்.ஹோஸ்ட்ஸ். மூன்றிலும் .கடை.டெஸ்ட் என்று முன்புள்ளியோடு எழுதினால் சப்டொமைன்களும் சேர்ந்துவிடும். எல்லாவற்றையும் அனுமதிக்கும் ட்ரூ அல்லது நட்சத்திரம் போடுவது, பூட்டைக் கழற்றிவிட்டுக் கதவு எளிதாகத் திறக்கிறது என்று மகிழ்வதுதான்.

சப்டொமைன்கள் நிறைய. ஒவ்வொன்றையும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுத முடியாதே?

டிஎன்எஸ்மாஸ்க் என்ற சிறிய டிஎன்எஸ் சர்வரை நிறுவி, அதன் கான்ஃபிக் கோப்பில் ஒரே வரி:

அட்ரஸ்=/டெஸ்ட்/127.0.0.1

.டெஸ்ட் என்று முடியும் எதைக் கேட்டாலும் இனி 127.0.0.1 வரும். அடுத்து, .டெஸ்ட் கேள்விகளை மட்டும் டிஎன்எஸ்மாஸ்க்கிடம் அனுப்பும்படி கணினிக்குச் சொல்ல வேண்டும். மொத்த டிஎன்எஸ்ஸையும் அதனிடம் ஒப்படைக்காதீர்கள். அது நின்றால் இன்டர்நெட்டே நின்றதுபோல் ஆகும்.

மேக்கில் /எட்சி/ரிசால்வர் என்ற ஃபோல்டரை உருவாக்கி, அதற்குள் டெஸ்ட் என்ற பெயரில் ஒரு கோப்பு. உள்ளே நேம்சர்வர் 127.0.0.1 என்ற ஒரே வரி. டிஎன்எஸ்மாஸ்க்கை ஹோம்ப்ரூ (மேக்கில் மென்பொருள் நிறுவும் கருவி) மூலம் தொடங்கும்போது சுடோ தேவை, ஏனென்றால் போர்ட் 53.

லினக்ஸில் சிஸ்டம்டி-ரிசால்வ்டு ஏற்கெனவே 127.0.0.53-இல் அதே போர்ட்டைப் பிடித்திருக்கும். டிஎன்எஸ்மாஸ்க் எல்லா முகவரியிலும் உட்காரப் பார்த்து "முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில்" என்று விழும். லிசன்-அட்ரஸ்=127.0.0.1, பைண்ட்-இன்டர்ஃபேசஸ் என்ற இரண்டு வரிகள் இதைத் தீர்க்கும். பிறகு ரிசால்வ்டு அமைப்பில் டிஎன்எஸ்=127.0.0.1, டொமைன்ஸ்=~டெஸ்ட். அந்த ~ குறிதான் "இந்த டொமைனுக்கு மட்டும்" என்பது.

விண்டோஸில் டிஎன்எஸ்மாஸ்க்குக்குப் பதில் அக்ரிலிக் டிஎன்எஸ் ப்ராக்ஸி. .டெஸ்ட்டை மட்டும் அதனிடம் திருப்ப, அட்மின் பவர்ஷெல்லில் ஆட்-டிஎன்எஸ்கிளையன்ட்என்ஆர்பிடிரூல் கட்டளைக்கு நேம்ஸ்பேஸ் .டெஸ்ட் என்றும் நேம்சர்வர் 127.0.0.1 என்றும் கொடுக்கவும்.

அலுவலக விபிஎன் இணைந்ததும் இந்த அமைப்பு சில கணினிகளில் செயலிழக்கும். விபிஎன் டிஎன்எஸ்ஸைத் தன்வசம் எடுத்துக்கொள்கிறது. ஹோஸ்ட்ஸ் கோப்பு வழக்கமாக இதில் பாதிக்கப்படாது. ஐந்தாறு பெயர்கள்தான் என்றால் ஹோஸ்ட்ஸ் கோப்பே போதும் என்று நாங்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

லோக்கலுக்கு ஹெச்டிடிபிஎஸ் எதற்கு?

லோக்கல்ஹோஸ்ட்டுக்கு பிரவுசர் தந்த சலுகை கடை.டெஸ்ட்டுக்குக் கிடையாது. சாதாரண ஹெச்டிடிபியில் திறந்தால் கேமரா, மைக், இருப்பிடம், சர்வீஸ் ஒர்க்கர், கிளிப்போர்டு, கிரிப்டோ.சட்டில் எதுவும் ஓடாது. "நேற்று வரை ஓடியது, டொமைன் வைத்ததும் கேமரா போய்விட்டது" என்றால் இதுதான்.

ஹெச்டிடிபிஎஸ்-க்குச் சான்றிதழ் வேண்டும். அதை உங்கள் கணினியிலேயே தயாரிப்பதற்கென்று உள்ள கருவி எம்கேசெர்ட். மேக்கில் ஹோம்ப்ரூ மூலம் எம்கேசெர்ட், என்எஸ்எஸ் இரண்டையும் நிறுவவும். உபுண்டுவில் லிப்என்எஸ்எஸ்3-டூல்ஸ் சேர்த்து நிறுவவும். இல்லாவிட்டால் ஃபயர்ஃபாக்ஸ் நம்பாது. விண்டோஸில் சாக்லேட்டி அல்லது ஸ்கூப் மூலம் நிறுவவும். பிறகு எம்கேசெர்ட் -இன்ஸ்டால் என்று ஒருமுறை. ப்ராஜெக்ட் ஃபோல்டரில்:

எம்கேசெர்ட் கடை.டெஸ்ட் "*.கடை.டெஸ்ட்" லோக்கல்ஹோஸ்ட் 127.0.0.1 ::1

கடை.டெஸ்ட்+4.பெம் என்ற சான்றிதழும், பெயரில் -கீ சேர்ந்த சாவிக் கோப்பும் வரும். இரண்டின் பாதையையும் ப்ராக்ஸியில் கொடுத்தால் போதும். மேலே சொன்ன கேடியின் டிஎல்எஸ் இன்டர்னல் முறையைப் பயன்படுத்துபவர்களுக்கு இது தேவையில்லை.

மூன்று இடங்களில் வழுக்கும். நட்சத்திரம் ஒரு நிலையை மட்டுமே மூடும்: *.கடை.டெஸ்ட் சான்றிதழ் ஏபிஐ.கடை.டெஸ்ட்டுக்குச் செல்லும், கடை.டெஸ்ட்டுக்கோ வி1.ஏபிஐ.கடை.டெஸ்ட்டுக்கோ செல்லாது. எல்லா ப்ராஜெக்ட்டுக்கும் சேர்த்து *.டெஸ்ட் என்று ஒன்றே எடுத்துவிடலாம் என்று தோன்றும்; பல பிரவுசர்கள் அதை ஏற்பதில்லை. நோட் தன் சொந்தச் சான்றிதழ்ப் பட்டியலை வைத்திருப்பதால், பிரவுசரில் சிக்கலில்லாமல் திறக்கும் முகவரியே, நோட் அதைச் சர்வர் பக்கத்திலிருந்து அழைக்கும்போது விழும். நோட்_எக்ஸ்ட்ரா_சிஏ_செர்ட்ஸ் என்ற என்விரான்மென்ட் மாறியில் எம்கேசெர்ட்டின் ரூட்சிஏ.பெம் பாதையைக் கொடுங்கள்.

அதே ஃபோல்டரில் உள்ள ரூட்சிஏ-கீ.பெம் கோப்பை யாருக்கும் அனுப்பாதீர்கள், கிட் களஞ்சியத்தில் ஏற்றாதீர்கள். அது கையில் இருப்பவர் எந்த வலைத்தளத்தின் பெயரிலும் சான்றிதழ் தயாரிக்கலாம். உங்கள் கணினி மறுபேச்சில்லாமல் நம்பும். குழுவில் ஒவ்வொருவரும் தத்தம் கணினியில் எம்கேசெர்ட் ஓட்டிக்கொள்வதே முறை.

டாக்கருக்குள்ளிருந்து கடை.டெஸ்ட் கிடைக்கவில்லையே?

கன்டெய்னருக்குள் (டாக்கர் ஆப்பைத் தனியே பிரித்து ஓட்டும் பெட்டி) 127.0.0.1 என்றால் அந்த கன்டெய்னர்தான், உங்கள் கணினி அல்ல. ப்ராக்ஸி வெளியே கணினியில் ஓடினால், டாக்கர் கம்போஸ் கோப்பில் எக்ஸ்ட்ரா_ஹோஸ்ட்ஸ் பிரிவில் "கடை.டெஸ்ட்:ஹோஸ்ட்-கேட்வே" என்று எழுதவும், டாக்கர் 20.10 முதல் இது உண்டு. ப்ராக்ஸியும் கன்டெய்னர் என்றால், நெட்வொர்க் அலியாஸாக (மாற்றுப் பெயராக) கடை.டெஸ்ட்டை அதற்குக் கொடுத்துவிடுங்கள்.

விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் தன் ஹோஸ்ட்ஸ் கோப்பை விண்டோஸின் கோப்பிலிருந்து ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதிக்கொள்ளும். உள்ளே திருத்தியது மறைந்துபோனால், டபிள்யூஎஸ்எல்.கான்ஃப் கோப்பின் நெட்வொர்க் பிரிவில் ஜெனரேட்ஹோஸ்ட்ஸ்=ஃபால்ஸ் என்று போடவும்.

செல்போனில் எப்படிப் பார்ப்பது?

போனில் ஹோஸ்ட்ஸ் கோப்பைத் தொட முடியாது. கணினியின் வைஃபை ஐபி 192.168.1.20 என்றால், கடை.192-168-1-20.நிப்.ஐஓ என்று தட்டுங்கள். பெயருக்குள் இருக்கும் ஐபியையே பதிலாகத் தரும் பொதுச் சேவை அது. இந்தப் பெயரையும் ப்ராக்ஸியிலும் ஃப்ரேம்ஒர்க்கின் அனுமதிப் பட்டியலிலும் சேர்க்க வேண்டும். விண்டோஸ் ஃபயர்வால் தடுக்கிறதா என்றும் பாருங்கள். சில ரவுட்டர்கள் உள் ஐபி தரும் டிஎன்எஸ் பதில்களைத் தாமே தூக்கி எறியும். அப்போது ரவுட்டரில் விதிவிலக்கு கொடுக்க வேண்டும்.

ஐபோனில் எம்கேசெர்ட்டின் ரூட் சான்றிதழை நிறுவினால் மட்டும் போதாது. செட்டிங்ஸ், ஜெனரல், அபௌட் வழியாகச் சான்றிதழ் நம்பிக்கை அமைப்புக்குப் போய் அதை இயக்கவும் வேண்டும்.

கூகுள் லாகின் .டெஸ்ட் முகவரியை ஏற்க மறுக்கிறது.

மறுக்கும். லோக்கல்ஹோஸ்ட்டைத் தவிர, பொது டொமைனில் முடியும் முகவரிகளை மட்டுமே அது ஏற்கும். உங்களிடம் ஏற்கெனவே ஒரு டொமைன் இருந்தால், அதில் லோக்கல் என்பதுபோல ஒரு சப்டொமைன் சேர்த்து, ஏ ரெக்கார்டை (பெயருக்கு ஐபி தரும் டிஎன்எஸ் பதிவு) 127.0.0.1 என்று வைத்துவிடுங்கள். டிஎன்எஸ் பதிவு மூலம் உரிமையைக் காட்டும் டிஎன்எஸ்-01 முறையில் லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பின் சான்றிதழும் அதற்குக் கிடைக்கும்.

தமிழ் எழுத்திலேயே டொமைன் பெயர் வைத்துச் சோதிக்கலாமா?

தாராளமாக. .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் ஆகியவை நிஜமாகவே புழக்கத்தில் உள்ள டொமைன்கள் என்பதால் இந்தச் சோதனை அவசியமும்கூட. 2007-இல் பன்மொழிச் சோதனைக்காக உருவாக்கப்பட்டவற்றில் .பரிட்சை என்று தமிழிலும் ஒன்று இருந்தது, பின்னர் எடுத்துவிட்டார்கள். இப்போது தமிழ்ப் பெயர் ஒன்றுக்குப் பின்னால் .டெஸ்ட் சேர்த்துக்கொள்ளலாம்.

ஹோஸ்ட்ஸ் கோப்பு, என்ஜின்எக்ஸ், அனுமதிப் பட்டியல் எல்லாவற்றிலும் தமிழ் எழுத்தை நேரடியாக எழுதாமல் அதன் ப்யூனிகோட் வடிவத்தை (ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் மாற்றிய பெயர்) எழுத வேண்டும். எக்ஸ்என் என்ற இரண்டு எழுத்தும் இரண்டு சிறுகோடும் கொண்டு தொடங்குவது அது. பிரவுசர் அனுப்பும் ஹோஸ்ட் ஹெட்டரும் அந்த வடிவில்தான் வரும். ஒகர, ஓகார எழுத்துகளில் கவனம். 'கொ' என்பதை ஒற்றைக் குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் சேமிக்கலாம், கண்ணுக்கு ஒன்றே. பிரவுசர் இரண்டையும் ஒன்றாக்கிவிடும். ப்யூனிகோடுக்கு மாற்ற நீங்கள் எடுத்த கருவி அதைச் செய்யாவிட்டால் வேறு பெயர் வந்து நிற்கும். மாற்றும் முன் எழுத்தை என்எஃப்சி (ஒற்றைக் குறியாகச் சேர்த்த) வடிவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

ப்ராஜெக்ட் முடிந்தது. எதையாவது நீக்க வேண்டுமா?

.டெஸ்ட் வரிகள் கிடந்தால் கேடில்லை. சர்வரை மாற்றும்போது சோதிக்க, வாடிக்கையாளரின் நிஜ டொமைனை ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுதியிருந்தால் அதை அன்றே எடுத்துவிடுங்கள். விட்டால், ஊரெல்லாம் புதிய சர்வரைப் பார்க்கும்போது உங்கள் கணினி மட்டும் பழைய ஐபியையே காட்டிக்கொண்டிருக்கும். எம்கேசெர்ட் ரூட்டை நீக்க எம்கேசெர்ட் -அன்இன்ஸ்டால். அதன் பிறகும் சாவி ஃபோல்டர் வட்டிலேயே இருக்கும், எம்கேசெர்ட் -சிஏரூட் காட்டும் இடத்துக்குப் போய் நீங்கள்தான் அழிக்க வேண்டும்.